எலிக்குப் பயம் போனால் எங்களுக்கும் போகுமா? மூளைப் பெப்டைட்டும் பதகளிப்பும்

வடலி | வெள்ளி, இரவு 8.40

சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். இப்போது புதுசாக ஒரு கேள்வி வருகிறது: "தம்பி, மூக்குக்குள் அடிக்கிற பெப்டைட் வைத்திருக்கிறீர்களோ?" வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஒன்லைனில் எடுத்து, ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். பதகளிப்பு, நித்திரையின்மை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் இதுதானாம். ஒருவர் காட்டிய போத்தலில் செலாங்க் என்று இருந்தது. விற்கிறவனுடைய பக்கத்தைப் போய்ப் பார்த்தால், எலியில் பயம் குறைந்தது, சுண்டெலியில் மனச்சோர்வு குறைந்தது என்று வரிசையாகப் போட்டிருக்கிறான்.

எலிக்கு மனச்சோர்வு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மூளையில் இருக்கும் பெப்டைட்டுகள் உண்மையிலேயே பயத்தைக் கூட்டிக் குறைக்கின்றனவா? தெரிந்தவர்கள் இரண்டு வரியில் முடிக்காமல் எழுதுங்கள். கேட்கிற சனத்துக்கு நான் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

ஆட்டுக்குட்டி | வெள்ளி, இரவு 8.52

எலி கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்திருக்கும் அண்ணை.

மட்டுறுத்துநர் | வெள்ளி, இரவு 9.05

எவ்வளவு அடிக்கலாம், எங்கே வாங்கலாம் என்ற கேள்விகள் இங்கே வேண்டாம். வந்தால் அழிப்பேன். ஆய்வைப் பற்றி எவ்வளவும் கதையுங்கள்.

கொக்குவில் குருவி | வெள்ளி, இரவு 10.15

வடலி, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மருந்தியலில் மேற்படிப்புச் செய்தபோது எலிகளோடு கொஞ்சம் பழகியிருக்கிறேன், அந்த உரிமையில்.

ஓம், கூட்டவும் செய்கின்றன, குறைக்கவும் செய்கின்றன. விலங்குகளைப் பொறுத்தவரை அதில் சந்தேகமே இல்லை. அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலிதான் பெப்டைட். ஒட்சிடோசினில் 9 அமினோ அமிலம், சப்ஸ்டன்ஸ் பீயில் 11, நியூரோபெப்டைட் வையில் 36, நெருக்கடி நேரத்தில் வேலை செய்கிற சீ.ஆர்.எஃப் என்பதில் 41. மூளையில் இந்த மாதிரி நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

நரம்புக்கலங்களுக்கிடையில் செய்தி கொண்டுபோகிற குளூட்டமேற், செரட்டோனின் போன்ற கடத்திகளை உங்களுக்குத் தெரியும். அவை நரம்பு முனையிலேயே தயாராகின்றன, வேலை முடிந்ததும் பெரும்பாலும் திரும்ப உள்ளே எடுக்கப்படுகின்றன. பெப்டைட்டின் பிழைப்பு வேறு. அது கலவுடலில் உருவாகி, பைகளில் அடைபட்டு, நரம்பிழையின் வழியே முனை வரைக்கும் பயணம் செய்யவேண்டும். நரம்புக்கலம் ஆறுதலாக ஒன்றிரண்டு தரம் துடித்தால் அது வெளியே வராது. வேகமாக, விடாமல் துடித்தால்தான் வரும். வந்தபின் ஒரு சந்திப்பிடத்தோடு நிற்பதும் இல்லை. குளூட்டமேற் ரெலிபோனில் கதைக்கிறது என்றால் பெப்டைட் திருவிழாக் காலத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கர்: சத்தம் எல்லா வளவுக்குள்ளும் போகும், அதற்கான வாங்கி (பெப்டைட் வந்து ஒட்டுகிற இடம், receptor) உள்ள கலம் மட்டும் திரும்பிப் பார்க்கும்.

இதனால் ஒன்று நடக்கிறது. அமைதியாக இருக்கிற எலியில் ஒரு பெப்டைட்டின் வாங்கியை அடைத்தால் பல வேளைகளில் ஒரு மாற்றமும் தெரியாது. அதே எலியை நெருக்கடிக்குள் விட்டால்தான் வித்தியாசம் தெரியும். இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது சீ.ஆர்.எஃப். 1981இல் அமெரிக்காவின் சோல்க் நிறுவனத்தில் வைலி வேல் குழுவினர் இதைப் பிரித்தெடுத்தார்கள். கிட்டத்தட்ட 5 இலட்சம் செம்மறி ஆடுகளின் பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) என்ற மூளைப் பகுதியின் துண்டுகளை வைத்துத்தான் அது முடிந்தது. அதன் முதல் வேலை கபச்சுரப்பியைத் தட்டுவது, அது அதிரினற் சுரப்பியைத் தட்டும், கோட்டிசோல் ஏறும். உயர்தரப் புத்தகத்தில் உள்ள கதைதான். ஆனால் இதே பெப்டைட் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியிலும் மூளைத்தண்டிலும் கிடந்தது. எலியின் மூளை அறைக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். புது இடத்தில் விட்டால் நடுவுக்கு வராமல் சுவரோடு ஒட்டியது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டது. கபச்சுரப்பியை எடுத்துவிட்ட எலியிலும் சீ.ஆர்.எஃப் கொடுத்தால் வருகிற பரபரப்பு அப்படியே இருந்தது. ஆகவே அது கோட்டிசோல் வழியாக வந்தது இல்லை, மூளைக்குள்ளேயே நடந்தது.

1984இல் மனச்சோர்வு நோயாளிகளின் மூளை முண்ணாண் பாய்பொருளில் சீ.ஆர்.எஃப் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். 1998இல் அதன் முதலாவது வாங்கி இல்லாத சுண்டெலிகளை இரண்டு குழுக்கள் உருவாக்கின. அவற்றுக்குப் பயம் குறைவு. ஆடு, எலி, சுண்டெலி, மனிதர் எல்லாம் ஒரே பக்கம் கையைக் காட்டின. மருந்துக் கம்பனிகள் இதற்குப் பின்னால் ஓடியதில் ஆச்சரியம் இல்லை.

ஆட்டுக்குட்டி | வெள்ளி, இரவு 10.31

5 இலட்சம் ஆடா? நான் பெயரை மாற்றப் போகிறேன்.

பண்ணைக்காற்று | சனி, காலை 6.20

தம்பி ஆட்டுக்குட்டி, அதற்கு முந்திய கதை இன்னும் மோசம். பரிவகக்கீழிலிருந்து ஓமோன் எடுக்கும் போட்டியில் கில்லமின் ஆட்டு மூளையையும் ஷாலி பன்றி மூளையையும் இலட்சக்கணக்கில் அரைத்தார்கள். இரண்டு பேருக்கும் 1977இல் நோபல் பரிசு, சண்டை மட்டும் தீரவில்லை. விலங்கியல் படிப்பித்த காலத்தில் இதைச் சொன்னால்தான் பின்வாங்கில் இருக்கிறவன் நிமிர்ந்து இருப்பான்.

குருவிப்பிள்ளை, வடலி கேட்ட முதல் கேள்வியை நீங்கள் இன்னும் தொடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் போட்ட எலி நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மனச்சோர்வு என்று எழுதுகிறார்கள். எனக்கு இது நெடுநாளாகப் பிடிக்காத விசயம். நீந்திப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்து மிதந்துகொண்டு நிற்கிற எலியைக் கெட்டிக்கார எலி என்று ஏன் சொல்லக்கூடாது?

கொக்குவில் குருவி | சனி, காலை 11.02

சேர், சொல்லலாம். இப்போது பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக: போர்சோல்ட் என்பவர் 1977இல் கொண்டுவந்த கட்டாய நீச்சல் சோதனை அது. ஏற வழியில்லாத உயரமான உருளைக்குள் தண்ணீர். எலியை முதல் நாள் 15 நிமிடம் விடுவார்கள், அடுத்த நாள் 5 நிமிடம் விட்டு எவ்வளவு நேரம் அசையாமல் மிதக்கிறது என்று எண்ணுவார்கள். சுண்டெலிக்கு ஒரே தரம், 6 நிமிடம், அதில் கடைசி 4 நிமிடம் கணக்கு. அந்தக் காலத்து மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்தால் மிதக்கும் நேரம் குறைந்தது. அதிலிருந்து அசையாமை என்றால் நம்பிக்கையிழப்பு என்ற விளக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்குப் படுகிற குறை இரண்டு. மனிதருக்குப் புளுஒக்செற்றின் என்ற மனச்சோர்வு மருந்து வேலைசெய்ய வாரக்கணக்காகும். எலிக்கு ஒரே நாளைக்குள் இரண்டு மூன்று ஊசியோடு பலன் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் அளக்கப்படுவது நோயின் நீண்ட இழுவையாக இருக்க முடியாது. இரண்டாவது, பழைய முறையில் புளுஒக்செற்றின் வகை மருந்துகள் ஒழுங்காக அகப்படவே இல்லை. நீந்துவது வேறு, சுவரில் ஏறப் பார்ப்பது வேறு என்று 1990களில் பிரித்து எண்ணத் தொடங்கிய பிறகுதான் அகப்பட்டன. மருந்தைப் பிடிக்கிற மாதிரி சோதனையைத் திருத்தினால் அது மருந்தைப் பிடிக்கும்தானே.

பதகளிப்புக்கு அதிகம் பாவிப்பது உயர்த்திய கூட்டல்குறிப் பாதை. தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் நான்கு கைகள், இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. எலி சுவருள்ள பக்கம்தான் போகும். பதகளிப்பைக் குறைக்கிற டயசிபாம் கொடுத்தால் திறந்த பக்கத்துக்கும் துணிந்து போகும். இந்தச் சோதனையை நான் கொஞ்சம் நம்புகிறேன், எலிக்குத் திறந்தவெளி உண்மையிலேயே ஆபத்து என்பதால். ஆனால் அதே எலியை இரண்டாம் தரம் ஏற்றினால் டயசிபாம் கூட ஒழுங்காக வேலை செய்யாது. இன்னொரு வேடிக்கை: ஆண் ஆய்வாளர் அறைக்குள் நின்றாலே எலிகளுக்கு நெருக்கடி ஓமோன் ஏறுகிறது என்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழகக் குழு 2014இல் காட்டியது. பெண் ஆய்வாளர் நின்றால் இல்லை. எத்தனை பழைய ஆய்வுகளில் அறைக்குள் யார் நின்றது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

சீனித்தண்ணீர்ச் சோதனை எனக்குப் பிடித்தது. வாரக்கணக்காகச் சின்னச் சின்னத் தொந்தரவு கொடுத்த எலி, வெறும் தண்ணீரையும் சீனித்தண்ணீரையும் பக்கத்தில் வைத்தால் சீனியைத் தேடிப் போவதை விட்டுவிடும். இன்பம் இல்லாமல் போவது மனச்சோர்வின் ஒரு துண்டு. ஒரு துண்டுதான். குற்ற உணர்வு, தற்கொலை எண்ணம், "என்னால் எல்லாருக்கும் கரைச்சல்" என்ற நினைப்பு இவற்றை எலியிடம் எந்தத் தொட்டியாலும் அளக்க முடியாது.

மணற்காட்டான் | சனி, மாலை 5.48

லண்டனிலிருந்து எழுதுகிறேன். மருந்துப் பரிசோதனைகளின் புள்ளிவிபரம் பார்ப்பது என் தொழில். குருவி "கம்பனிகள் ஓடின" என்றதோடு விட்டுவிட்டார், ஓடிப்போய் எங்கே விழுந்தன என்று நான் சொல்கிறேன்.

சீ.ஆர்.எஃப் முதலாவது வாங்கியை அடைக்கிற மாத்திரைகள் பல வந்தன. 2000இல் ஜெர்மனியில் 20 மனச்சோர்வு நோயாளிகளிடம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல முன்னேற்றம் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு இல்லாத ஆய்வு அது. ஈரல் நொதியங்கள் ஏறியதால் அந்த மருந்து நின்றது. அடுத்து வந்த ஒன்றை 2008இல் மனச்சோர்வில் பார்த்தார்கள், பலன் இல்லை. பெக்சசெர்ஃபோன்ற் என்ற இன்னொன்று பொதுமைப்பட்ட பதகளிப்பில், 2010இல் வந்த முடிவு, வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை. வெருசெர்ஃபோன்ற் மனவடு நோயில், 2017, அதுவும் இல்லை.

சப்ஸ்டன்ஸ் பீயின் கதை இதைவிடச் சுவாரசியம். 1931இல் வொன் ஒய்லரும் கடமும் கண்டுபிடித்த பழைய பெப்டைட், 1971இல்தான் அதன் 11 அமினோ அமிலமும் தெரியவந்தது. இதன் என்.கே.1 வாங்கி எலியிலும் சுண்டெலியிலும் ஒரு விதம், மனிதரில் கொஞ்சம் வேறு விதம். மனிதருக்கென்று செய்த மருந்து எலியின் வாங்கியில் சரியாக ஒட்டாது. அதனால் கினிப்பன்றியையும் ஜெர்பில் என்ற எலி போன்ற சின்ன விலங்கையும் எடுத்தார்கள், அவற்றின் வாங்கி மனிதருடையதைப் போன்றது. தாயைப் பிரித்த கினிப்பன்றிக் குட்டி கத்தும். மருந்து கொடுத்தால் கத்துவது குறைந்தது. 1998இல் மேர்க் கம்பனி மனிதரிலும், இந்த வாங்கியை அடைக்கிற அப்ரெபிட்டன்ற் மனச்சோர்வைக் குறைக்கிறது என்று சயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்டது. செரட்டோனின் வழியில் போகாத புது வகை மனச்சோர்வு மருந்து என்று ஊரெல்லாம் பேச்சு. பெரிய மூன்றாம் கட்டப் பரிசோதனைகள் வந்தன. 2006இல் வெளியான முடிவு: வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

அதே அப்ரெபிட்டன்ற் 2003இலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாந்தியை நிறுத்தப் பாவனையில் இருக்கிறது, அதில் கெட்டிக்கார மருந்து. சீ.ஆர்.எஃப் அடைப்பான்களுக்கும் அதே விதி. கிரினெசெர்ஃபோன்ற் என்ற ஒன்று 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பிறவியிலேயே வரும் ஒரு அதிரினற் சுரப்பி நோய்க்கு. சுரப்பிக்கு வேலை செய்கிறது, கவலைக்குச் செய்யவில்லை.

இத்தனை கோடி கொட்டி, ஆயிரக்கணக்கான ஆட்களில் பார்த்தும் பிடிபடாததை, ஒரு இணையக் கடைக்காரன் எலியைக் காட்டி விற்கிறான்.

பண்ணைக்காற்று | சனி, இரவு 7.15

அப்படியானால் எலியை வதைத்தது வீண். கதை முடிந்தது.

கொக்குவில் குருவி | சனி, இரவு 9.40

முடியவில்லை சேர். மணற்காட்டான் அண்ணை சொன்ன முடிவுகள் அத்தனையும் சரி. அவை தோற்கடித்தது "இந்தப் பெப்டைட்டை அடைத்தால் மனச்சோர்வு போகும்" என்ற எண்ணத்தை. பெப்டைட் என்ன செய்கிறது என்ற விளக்கத்தை அவை தோற்கடிக்கவில்லை. நான் வெள்ளிக்கிழமை மனதில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்: சீ.ஆர்.எஃப் நெருக்கடி நடந்துகொண்டிருக்கும்போது வேலை செய்வது. ஐந்து வருடமாக மனச்சோர்வோடு கிளினிக்குக்கு வருகிற ஒருவரின் மூளையில் அது இன்னும் ஏறித்தான் இருக்கிறதா என்று பார்க்காமலே எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்கு ஏறியிருக்கும், சிலருக்கு இல்லை. கூட்டிப் பிரித்தால் பூச்சியம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற ஆய்வு 2012இல் நேச்சர் சஞ்சிகையில் வந்தது, வொஷிங்டன் பல்கலைக்கழகத்துச் சுண்டெலிகள். மூளையின் நியூக்கிளியஸ் அக்கும்பன்ஸ் என்ற பகுதி, விருப்பமும் நாட்டமும் உருவாகும் இடம். அங்கே சீ.ஆர்.எஃப் செலுத்தினார்கள். பயம் வரும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? நாட்டத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற கடத்தி ஏறியது, சுண்டெலி அந்த இடத்தை விரும்பித் திரும்பத் திரும்ப வந்தது. புதுப் பொருளை ஆராயவும் கூடுதல் விருப்பம். அதாவது பயப் பெப்டைட் என்று பெயரெடுத்த ஒன்று, அந்த இடத்தில் ஆர்வத்தைத் தூண்டுகிறது.

பிறகு அதே வகைச் சுண்டெலிகளை இரண்டு நாள் கட்டாய நீச்சலில் கடுமையாக வருத்தினார்கள். சேருக்குப் பிடிக்காத அதே தொட்டி, ஆனால் இங்கே அளக்கிற கருவியாக இல்லை, வதைக்கிற கருவியாக. அதன்பின் சீ.ஆர்.எஃப் செலுத்தினால் டோபமின் ஏறவில்லை. முன்பு விரும்பி வந்த இடத்தை இப்போது சுண்டெலி வெறுத்து ஒதுங்கியது. குறைந்தது 90 நாட்கள் அப்படியே இருந்தது. சுண்டெலி வாழ்வதே இரண்டு மூன்று வருடம், அதில் 90 நாள் என்பது சின்னக் காலமில்லை.

பெப்டைட் அதேதான், அளவும் அதேதான், கேட்கிற மூளை மாறிவிட்டது. இதை எந்த மனிதரிலும் இந்தத் துல்லியத்தோடு பார்த்திருக்க முடியாது. ஆகவே வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "எலியில் பயம் குறைந்தது" என்று போத்தலில் ஒட்டுவதைத்தான் வீண் என்பேன். எந்த எலி, எந்தப் பகுதி, நெருக்கடிக்கு முன்னா பின்னா என்று கேட்காமல் அந்த வசனத்துக்குப் பொருளே கிடையாது.

மானிப்பாய் மரவள்ளி | ஞாயிறு, காலை 9.10

உளவளத்துணை வேலையில் இருக்கிறேன். அறிவியல் வாதத்துக்குள் நான் வரவில்லை, ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

குருவி சொன்ன சுண்டெலி ஆய்வு வாசிக்க நெஞ்சைப் பிடித்தது. நான் சந்திக்கிற பலர் முன்பு விருப்பமாகப் போன இடங்களை, கோயிலை, சந்தையை, பள்ளிக்கூட வாசலை இப்போது தவிர்க்கிறார்கள். ஆனால் எலி கூண்டுக்குள் தனியாகவோ நான்கைந்து எலிகளோடோ இருக்கிறது. இங்கே மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று எழுதியது வேறொரு தளம். போரும் இடப்பெயர்வும் தனி ஆளின் மண்டைக்குள் மட்டும் நடக்கவில்லை, குடும்பமும் ஊரும் ஒன்றில் ஒன்று வைத்திருந்த நம்பிக்கையும் சேர்ந்து குலைந்தன. அதை ஒரு வாங்கிக்குள் தேடக்கூடாது.

வடலி, உங்களிடம் கேட்கிறவர்களிடம் தயவுசெய்து இதையும் சொல்லுங்கள்: யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. அவசரத்துக்கு 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுக்கலாம்.

பண்ணைக்காற்று | ஞாயிறு, காலை 9.44

பிள்ளை, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் எலியும் அவ்வளவு தனியாக இல்லை என்று எங்கோ வாசித்த ஞாபகம். சோடி சேர்ந்து வாழும் ஒரு எலி இருக்கிறதே, அமெரிக்கப் புல்வெளியில்?

கொக்குவில் குருவி | ஞாயிறு, பகல் 1.25

பிரெயரி வோல், சேர். மரவள்ளி அக்கா சொன்ன இடைவெளியைக் கொஞ்சமாவது குறைக்கிற விலங்கு என்றால் அதுதான். முலையூட்டிகளில் சோடியாக வாழ்கிறவை குறைவு, அதில் இது ஒன்று. 2009இல் பொஷ், யங் ஆகியோர் ஆண் வோல்களைச் சில நாட்கள் சோடியிடமிருந்து பிரித்து வைத்தார்கள். இன்னொரு குழுவில் கூடப்பிறந்த ஆணிடமிருந்து பிரித்தார்கள். சகோதரனைப் பிரிந்த வோல்களில் மாற்றம் இல்லை. சோடியைப் பிரிந்தவை நீச்சலில் போராடாமல் மிதந்தன, வாலில் தூக்கினால் அசையாமல் தொங்கின. மூளைக்குள் சீ.ஆர்.எஃப் வாங்கிகளை அடைத்தால் அந்தச் சோர்வு வரவில்லை. ஆனால் சோடியின் மீதான பற்று அப்படியே இருந்தது. பிரிவின் வேதனைக்கும் பற்றுக்கும் மூளையில் வேறு வேறு வழி இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பற்றுக்கு ஒட்சிடோசின்தான் காரணம் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்தோம். 2023இல் ஒட்சிடோசின் வாங்கியே இல்லாத வோல்களை மரபணு வெட்டி உருவாக்கினார்கள். அவையும் சோடி சேர்ந்தன. முன்பு மருந்தால் வாங்கியை அடைத்தபோது சேராதவை, பிறப்பிலிருந்தே வாங்கி இல்லாதபோது சேர்கின்றன. வளரும்போதே மூளை வேறு வழி பார்த்துக்கொள்கிறது போலும். "காதல் ஓமோன்" என்று எழுதிய பத்திரிகைக்காரர் இதையும் எழுதவேண்டும்.

வடலி | ஞாயிறு, இரவு 8.05

எல்லாருக்கும் நன்றி. மூக்கு விசயம் மிச்சம் இருக்கிறது. பெப்டைட்டை மூக்கால் அடித்தால் மூளைக்குப் போகுமா? செலாங்க் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே.

மணற்காட்டான் | ஞாயிறு, இரவு 9.30

செலாங்க் ரஷ்யாவில் உருவானது, அங்கே அனுமதி உண்டு. உடலில் இயல்பாக இருக்கிற ரஃப்ற்சின் என்ற நான்கு அமினோ அமிலப் பெப்டைட்டின் வாலில் மூன்றைச் சேர்த்து, சீக்கிரம் சிதையாத மாதிரிச் செய்த ஏழு அமினோ அமிலச் சங்கிலி. விலங்கு ஆய்வுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தவை, மனித ஆய்வுகள் சின்னவை. அமெரிக்காவில் மருந்தாக அனுமதி இல்லை. இலங்கையில் எந்த மருந்தும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிந்த பிறகுதான் விற்கலாம். ஒன்லைன் போத்தலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய பிரச்சினை அதுதான்.

கொக்குவில் குருவி | ஞாயிறு, இரவு 10.50

மூக்கைப் பற்றி நான் சொல்கிறேன். பெப்டைட்டை விழுங்கினால் சமித்துவிடும். இரத்தத்தில் ஏற்றினால் நொதியங்கள் வெட்டும், மிச்சத்தைக் குருதி மூளைத் தடுப்பு பெருமளவு மறித்துவிடும். அதனால்தான் எலிகளில் மண்டையோட்டில் குழாய் பொருத்தி நேரே உள்ளே செலுத்தினார்கள். அந்த ஆய்வுகளைக் காட்டி மூக்கு மருந்து விற்பது முதல் பித்தலாட்டம்.

மூக்கு வழி ஆய்வுகளும் இருக்கின்றன, பொய் சொல்லக்கூடாது. நியூரோபெப்டைட் வையை 1982இல் பன்றி மூளையிலிருந்து ரட்டெமோட்டோ குழுவினர் பிரித்தார்கள். இது சீ.ஆர்.எஃப்புக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சுவீடனின் ஹைலிக்கும் கூட்டாளிகளும் 1980களின் இறுதியில் எலி மூளைக்குள் கொடுத்துப் பயம் குறைவதைக் காட்டினார்கள். 1993இல் அதன் வை1 வாங்கி உருவாவதைத் தடுத்தபோது எலிகள் திறந்த பாதைக்குப் போகத் தயங்கின. ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இது கூடுதலாகச் சுரக்கும் மரபணு மாற்ற எலிகளை நெருக்கடி அவ்வளவாகப் பாதிக்கவில்லை. மனிதரிலும் ஒரு தடயம் உண்டு: அமெரிக்கப் படையினரின் கடும் பயிற்சியின்போது இரத்தத்தில் இது கூடுதலாக ஏறியவர்கள் நிதானமாக நின்றார்கள் என்று 2000இல் மோர்கன் குழு எழுதியது. நியூயோர்க்கில் சபான் குழுவினர் இதை எலியின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். கடும் நெருக்கடிக்கு முன்போ உடனடியாகப் பின்போ கொடுத்தால், பிறகு வரவேண்டிய பயக் குணங்கள் குறைந்தன. அதன் பின்னால் மனவடு நோயாளிகளில் ஒரு சின்ன ஆய்வும் 2018இல் வந்தது, கூடிய அளவு கொடுத்தவர்களுக்குப் பதகளிப்பு கொஞ்சம் இறங்கியது. அவ்வளவுதான். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, கடையில் வாங்குகிற அளவுக்கு இல்லை.

மூக்கிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. எலியின் மூக்குக்குழியில் பாதியளவு மணம் பிடிக்கிற மென்றகடு, மூளைக்குச் சுருக்கமான வழி அதனூடாகத்தான். மனித மூக்கில் அது 10 சதவீதம் கூட வராது, அதுவும் மேலே ஒளிந்து கிடக்கிறது. எலிக்கு ஒரு துளி விட்டதையும் ஆளுக்கு ஒரு தரம் அடித்ததையும் ஒன்றாக எண்ண முடியாது. இன்னொன்று, இதே பெப்டைட்டைப் பரிவகக்கீழில் கொடுத்தால் எலி சாப்பாட்டை விட்டு எழும்பாது. பயத்தைக் குறைக்கிற இடத்துக்கு மட்டும் போ என்று மூக்கால் அனுப்ப வழி இல்லை.

ஆட்டுக்குட்டி | திங்கள், மாலை 4.15

பகிடி விட்டு ஒரு கேள்வி குருவி அக்கா. இந்த எலி எல்லாம் ஆணா? நாங்கள் படிக்கிற எல்லா ஆய்விலும் "ஆண் எலிகள் எடுக்கப்பட்டன" என்றுதான் இருக்கிறது. பதகளிப்பு பெண்களுக்குத்தானே கூட என்று சொல்கிறார்கள்?

கொக்குவில் குருவி | திங்கள், இரவு 9.20

இதை முதலிலேயே கேட்டிருக்கவேண்டும் தம்பி, நல்லாய்க் கேட்டாய். பெண் எலியின் ஓமோன் சுற்று முடிவைக் குழப்பும் என்று சொல்லி நெடுங்காலம் ஆண் எலியைத்தான் எடுத்தார்கள். அமெரிக்க அரச நிதி தருகிற நிறுவனம் 2016இலிருந்துதான் இரண்டு பாலையும் கணக்கில் எடுக்கும்படி கேட்கிறது.

2010இல் பங்காசர், வலென்ரினோ குழுவின் ஆய்வு ஒன்று உண்டு. மூளைத்தண்டில் விழிப்பையும் பரபரப்பையும் நடத்துகிற லோகஸ் சீருலியஸ் என்ற சின்னக் கரு. நெருக்கடிக்குப் பிறகு ஆண் எலியின் நரம்புக்கலங்கள் தங்கள் சீ.ஆர்.எஃப் வாங்கிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டன. அதன்பின் எவ்வளவு சீ.ஆர்.எஃப் வந்தாலும் அவ்வளவு உறைக்காது. பெண் எலியில் அந்த இழுப்பு நடக்கவில்லை, வாங்கிகள் வெளியிலேயே நின்றன. நெருக்கடி படாத நிலையில் கூடப் பெண் எலியின் கலங்கள் குறைந்த அளவு சீ.ஆர்.எஃப்புக்கே துடித்தன. ஆண் எலியில் மட்டும் பார்த்திருந்தால் இது தெரிய வந்திருக்காது.

அப்படியென்றால் அந்த மாத்திரை பெண்களில் வேலை செய்திருக்கவேண்டுமே என்று கேட்பாய். மணற்காட்டான் அண்ணை சொன்ன 2017 வெருசெர்ஃபோன்ற் ஆய்வு, மனவடு நோயுள்ள பெண்களில் மட்டும் செய்தது. அதிலும் வேலை செய்யவில்லை.